மேஜைமேல் கிடந்த ஏலச்சீட்டுகள்

முந்தாநாள் உத்திரமேரூரில் என் வீட்டுக்கு இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். விவசாயிகளின் சரக்கை ஏலத்தில் விற்றுத்தரும் அரசு விற்பனைக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். இனிமேல் ஏலமெல்லாம் செல்போனிலேயே நடக்கப்போகிறதாம். எங்கோ வெளியூரில் உட்கார்ந்திருக்கிற வியாபாரி, இங்கே கொட்டிவைத்திருக்கும் வேர்க்கடலைக்கு அங்கிருந்தே விலை போடலாமாம். பழைய பெட்டி ஏலம் எப்படி வந்தது என்று ஓய்வு பெற்றவர்களிடம் எழுதி வாங்கி ஊழியர் சங்க மலரில் போட நினைத்திருக்கிறார்கள். "வேதவல்லி மேடம்தான் அதைக் கொண்டாந்தாங்கன்னு டிரெய்னிங்ல சொன்னாங்க. நீங்க அவங்ககூட வேலை பார்த்தீங்களாமே?" என்று ஒருத்தி கேட்டாள்.

கூட வேலை பார்த்தவள். இத்தனை வருஷ உத்தியோகத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த பட்டம் அது. காபி கலக்க உள்ளே போனவள், மூன்று தம்ளரிலும் சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இன்னும் வயிறு எரிகிறது.

எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எந்தக் கூடம் என்று இதில் சொல்லமாட்டேன். உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருந்தது, அது போதும். வியாபாரிகளின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

நானும் வேதவல்லியும் ஒரே தேர்வு எழுதி, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் திருப்புலிவனத்துப் பக்கம், நிலமில்லாத வீடு. என் அம்மா அடுத்தவர் கழனியில் கடலை பிடுங்கி, ஆய்ந்து, கூலிக்குக் கடலையையே மடியில் கட்டிக்கொண்டு வருவாள். வேதா காஞ்சிபுரத்தில் தறி ஓடும் வீட்டுப் பெண். பயிற்சி என்று எங்களை வேறு ஊருக்கு அனுப்பினார்கள். படிவங்கள் நிரப்பவும், ஈரப்பதம் பார்க்கவும், ஒரு கைப்பிடிக் காயை உடைத்துப் பருப்பை நிறுத்துத் தரம் சொல்லவும் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாவதில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. காயைக் காதோரம் ஆட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன். வேதாவுக்கு அது கடைசிவரை வரவில்லை. அந்த ஒன்றில்தான் நான் அவளுக்கு மேல்.

கூடத்தில் மொத்தம் நாங்கள் இருவர்தான் பெண்கள். மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அவள் அந்தச் சமயத்தில் தபால் வழியில் பொருளாதாரம் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். எதற்கு இந்த வயதில் என்று கேட்டேன். "எங்கப்பாவுக்கு நெசவு குடுக்கறவங்க எங்க தெருவுக்கு மூணே பேரு. மூணு பேரும் ஒரே கூலி சொல்லுவாங்க. பேசி வெச்சிக்கினு சொல்றாங்களா, பேசாமயே சொல்றாங்களா? சின்னப்பொண்ணா இருந்தப்பலேர்ந்து இதான் என் சந்தேகம்" என்றாள். என் அம்மாவுக்கும் ஊருக்கே ஒரே கூலிதான். நானும்தான் பார்த்து வளர்ந்தேன். எனக்கு அது கோபமாக இருந்ததே தவிர, சந்தேகமாக இருந்ததில்லை. அவள் சொன்னதைக் கேட்ட அன்றைக்குத்தான் அவள்மேல் முதல் பொறாமை வந்தது என்று நினைக்கிறேன்.

அப்போது ஏலம் கூவல் ஏலம். விவசாயி கொண்டுவந்த குவியலைச் சுற்றி வியாபாரிகள் நிற்பார்கள். எங்கள் ஆள் விலையைக் கூவுவான், ஏற்றுகிறவர்கள் ஏற்றலாம். நிலையாக வாங்குகிறவர்கள் ஐந்தே பேர். லோகநாதன் என்பவர் அவர்களில் மூத்தவர். ஒரு குவியலுக்கு ஒருவர் கேட்பார், மற்ற நால்வரும் கொட்டகையின் தகரக்கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த குவியலுக்கு அடுத்தவர். எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். எடை போடுகிறவர் முதல் டீக்கடைக்காரர்வரை சொல்லுவார்கள். ஆனால் சொல்லி என்ன செய்ய?

எங்கள் கண்காணிப்பாளர் துரைசாமி சாரிடம் அப்படிப் பேசவே முடியாது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும், "எப்படித் தெரியும்?" என்று கேட்பார். "எல்லாரும் சொல்றாங்க சார்" என்று பதில் வந்தால் கையில் இருக்கும் பேனாவை மூடிவிடுவார். அவ்வளவுதான், எழுந்து வந்துவிட வேண்டும். நல்ல பதில் வந்தால் பேனா திறந்தே இருக்கும். விவசாயி யாராவது நின்றுகொண்டிருந்தால் அவரும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் பேசுவார். அவர் பேனாவைத் திறந்தே வைத்திருப்பதுதான் எங்களுக்கெல்லாம் பரிசு.

ஒருநாள் சாப்பிடும்போது நான் வேதாவிடம் ஒரு பழைய கதை சொன்னேன். அந்த ஐவரில் ஒருவரான சம்பந்தம் ஒருமுறை ஏதோ அவசரத் தேவைக்கு, லோகநாதனுக்கு என்று விட்டிருந்த குவியலை ஏற்றிக் கேட்டு எடுத்துவிட்டார். அதற்கப்புறம் மூன்று வாரம், சம்பந்தம் வாய் திறந்த ஒவ்வொரு குவியலையும் மற்ற நால்வரும் நஷ்டத்துக்குக்கூட ஏற்றிவிட்டார்கள். மூன்று வாரமும் அவருடைய லாரி காலியாகத் திரும்பியது. நான்காவது வாரம் அவரும் கூரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். வேதா சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்தாள்.

பத்து நாளில் சாரின் அறையில் அவள் பேசுவதை நான் கதவருகே நின்று கேட்டேன். "அஞ்சு பேரும் நல்லவங்க இல்ல சார், ஒருத்தரை ஒருத்தர் நம்பறவங்களும் இல்ல. ஒவ்வொருத்தருக்கும் மத்தவங்களை ஏமாத்திட்டு ரெண்டு ரூபா ஏத்திக் கேட்டு எடுத்துடணும்னு ஆசைதான். ஏன் செய்யலன்னா, செஞ்சா அந்த நிமிஷமே தெரிஞ்சிபோவுது. தெரிஞ்சா அடுத்த வாரம் தண்டனை. கூவல் ஏலம் அவங்களுக்கு நாமளே போட்டுக் குடுத்த காவல்காரன் மாதிரி சார். சீட்டுல எழுதிப் பெட்டியில போடச் சொல்லுவோம். விலையை மட்டும் சொல்லுவோம், யாரு எவ்ளோ போட்டாங்கன்னு சொல்ல வேணாம். அவங்க ஒத்துமை தானா ஒடையும்."

"எப்படித் தெரியும்?" என்றார் சார்.

அவள் சம்பந்தத்தின் கதையைச் சொன்னாள். எந்தெந்தக் குவியல், யார் எடுத்தார்கள் என்று பழைய பதிவேட்டிலிருந்து எழுதி எடுத்த தாளை நீட்டினாள். சார் எழுத ஆரம்பித்தார்.

மேலிடத்துக்குப் போன அறிக்கையைத் தட்டச்சு செய்தவள் நான்தான். அதில் சம்பந்தம் விஷயம் ஒரு பத்தியாக வந்தது. 'விசாரித்ததில் தெரியவந்தது' என்று ஆரம்பித்திருந்தாள். அந்த 'விசாரித்ததில்' நான்தான். என் கண்ணால் பார்த்தது, என் வாயால் சொன்னது. ஆனால் அவள் அதிலிருந்து எடுத்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை? இந்தக் கேள்விதான் என்னைத் தின்றது. பெயர் போடவில்லை என்பதை ஒரு சாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

பெட்டி வந்தது. பூட்டின் சாவி சாரிடம், மேஜை என்னிடம். பதினொரு மணிக்குள் வியாபாரிகள் குவியல்களைப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டில் தம் பெயரும் விலையும் எழுதிப் போட வேண்டும். பெட்டியைத் திறந்து, குவியல்வாரியாக நான் சீட்டுகளைப் பிரித்து, பதிவேட்டில் ஏற்றி, உச்சவிலையைக் கரும்பலகையில் எழுதுவேன். விவசாயி சம்மதித்தால் விற்பனை. பிடிக்காவிட்டால் அள்ளிக்கொண்டு போகலாம், கேட்பாரில்லை.

முதல் சில வாரம் விலை நன்றாக ஏறியது. விவசாயிகள் கரும்பலகை முன்னால் நின்று திரும்பத் திரும்பப் படித்தார்கள். சார் வேதாவை எதற்கெடுத்தாலும் உள்ளே கூப்பிட்டார். என்னிடம் அவள் எங்கே என்று மட்டும் கேட்பார்.

அப்புறம்தான் லோகநாதன் ஒருநாள் மேஜைக்கு வந்தார். ரொம்ப மரியாதையாக, "எம்மா, நம்ம சீட்டை ஒயுங்கா ஏறிக்கீதான்னு ஒருதபா பார்த்துக்கட்டுமா?" என்று கேட்டார். நான் சீட்டுக்கட்டை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். அவரிடம் ஒரு டீகூட வாங்கிக் குடித்தவளில்லை நான். பெரிய மனிதர் கேட்கிறார், மறைக்க என்ன இருக்கிறது என்று கொடுத்தேன். அவர் எல்லாச் சீட்டையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். சம்பந்தத்தின் சீட்டில் கொஞ்சம் நின்றார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் சம்பந்தத்துக்கு ஒரு குவியலும் கிடைக்கவில்லை. அவர் கையில் அள்ளிப் பார்த்த குவியலுக்கெல்லாம் மற்ற நால்வரின் சீட்டும் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஏலம் முடிந்ததும் லோகநாதன் மறுபடி வந்து சீட்டுக்கட்டைக் கேட்டார். அதை எடுக்க நீட்டிய என் கை பாதியில் நின்றது. எனக்குப் புரிந்துவிட்டது. பெட்டி மறைத்ததை என் மேஜை காட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

கை பாதியில் நின்றதே தவிர, திரும்பி வரவில்லை. கட்டை அவரிடம் கொடுத்தேன்.

அதிலிருந்து விலை இறங்கிப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் வேதா நோட்டும் கையுமாக அலைந்தாள். வரத்து அதிகமா, எண்ணெய் விலை குறைவா, மழையா என்று ஒவ்வொன்றாக எழுதி அடித்தாள். சாரின் பேனா அவளைக் கண்டதும் மூடிக்கொள்ள ஆரம்பித்தது. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று இப்போது எழுதக் கை கூசுகிறது. ஒருநாள் மதியம் அவள் கேட்டாள். "நீதானே மேஜையிலயே கீற எஸ்தரு. உனக்கு எதுனா படுதா?"

"இல்லியே" என்றேன். அவள் கொண்டுவந்த தயிர்சாதத்தில் பாதியை எனக்கு வைத்தாள். சாப்பிட்டேன்.

அந்த வாரங்களில்தான் செல்லம்மா வந்தாள். புள்ளலூரில் கட்டிக்கொடுத்த எங்கள் ஊர்ப் பெண், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். என் அம்மாவுக்குப் பக்கத்து வரிசையில் கடலை ஆய்ந்தவள். புருஷன் போனபின் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, முதல்முறையாகத் தன் சொந்தக் கடலையைக் கொண்டுவந்திருந்தாள். காயவைத்து, தூசி தட்டி, பொக்குக்காய் ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கிய கடலை. அவ்வளவு சுத்தமான குவியலை அந்தப் பருவத்தில் நான் பார்க்கவில்லை. அதற்குப் பலகையில் ஏறிய விலை, பக்கத்திலிருந்த சுமாரான குவியலின் விலைதான்.

செல்லம்மா என்னைப் பார்த்தாள். "இன்னா எஸ்தரு, குடுத்துடட்டா?"

"இன்னைக்கு வேணாம்கா. அடுத்த வாரம் பாரு" என்றேன். அடுத்த வாரமும் இப்படித்தான் இருக்கும் என்று அந்தக் கூடத்தில் தெரிந்தவர்கள் லோகநாதனும் அவருடைய ஆட்களும் நானும்தான். கூடத்துக் கிடங்கு முழுக்க நெல் மூட்டை அடுக்கியிருந்ததால் அங்கேயும் வைக்க முடியவில்லை. வண்டி பிடித்துத் திரும்பக் கொண்டுபோனாள். அடுத்த வாரம் வந்தாள். அதே விலை. அவளும் அதையே கேட்டாள், நானும் அதே பதிலைச் சொன்னேன். மூன்றாவது முறை வருவதற்குள் பருவம் தப்பிப் பெய்த மழையில் அவள் வீட்டுக் கூரை ஒழுகி மூட்டைகள் நனைந்துவிட்டன. கொட்டியதுமே பூஞ்சை நாற்றம். கையில் ஒரு காயை எடுத்து உடைத்தேன், பருப்பு கறுத்திருந்தது. ஐவரில் நாலு பேர் சீட்டே போடவில்லை. ஒருவர் மட்டும் ஆட்டுக்குப் போடுகிற சரக்கின் விலையை எழுதியிருந்தார்.

செல்லம்மா சண்டை போடவில்லை. சாக்குகளை மடித்துக்கொண்டே சொன்னாள். "எங்கூரு வியாபாரி வூட்டாண்டயே வந்து அளந்துக்கினு போறேன்னான். நீ உள்ள கீறேன்னுதான் இங்க எடுத்தாந்தேன்."

அவள் போனபின் சாரின் அறைக்குப் போனேன். சீட்டுகளைப் பார்த்துத்தான் அவர்கள் ஒருவரையொருவர் கண்காணிக்கிறார்கள் என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"நான்தான் சார் காட்டினேன்."

"எத்தினி வாரமா?"

"ஆறு வாரமா."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

பேனாவை அவர் மூடவுமில்லை, எழுதவுமில்லை.  ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. ஒரு தாளை என் பக்கம் தள்ளி நடந்ததை எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்ததும் படித்து, மடித்துத் தன் மேஜைக்குள் வைத்துக்கொண்டார். "இதை நான் மேல அனுப்பறதும் அனுப்பாததும் நீங்க இனிமே பண்ற வேலையில கீது" என்றார். பிறகு வேதாவைக் கூப்பிட்டு, சீட்டுகளை வியாபாரிகள் பார்த்துவந்ததை மட்டும் அவளிடம் சொல்லச் சொன்னார்.

சொன்னேன். அவள் கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவளோ நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "அப்ப பெட்டி தோக்கல. வெளிய கசிஞ்சிருக்குது, அவ்ளோதான்" என்று முகம் மலர்ந்து சொன்னாள். பதிவேட்டில் ஏற்றியதும் சீட்டுகளை உறையில் போட்டு அரக்கு வைக்க வேண்டும், குவியலை எடுத்தவரைத் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டு மட்டும் சொல்ல வேண்டும், வெளிச்சந்தை விலையைக் காலையிலேயே பலகையில் எழுதிவைத்து அதற்குக் கீழே போனால் விவசாயியை எச்சரிக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனாள். என்னைக் குற்றவாளியாகப் பார்க்கக்கூட அவளுக்கு நேரமில்லை. அறையைவிட்டு வெளியே வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எப்ப கண்டுபிடிச்சே?"

"போன வாரந்தான்" என்றேன்.

நம்பினாள். அடுத்த அறிக்கையில் 'இக்குறைபாட்டைக் கண்டறிந்தவர் திருமதி எஸ்தர்' என்று எழுதினாள். அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். என் பெயரை அடித்துவிட்டு இயந்திரத்திலிருந்து தாளை உருவாமல் உட்கார்ந்திருந்தேன்.

சார் சொன்ன 'இனிமே பண்ற வேலை' ஒன்று இருந்தது. சீட்டை மூடுவது பாதிதான், ஐந்து பேர் ஐந்து பேராகவே இருக்கும்வரை எப்படியாவது பேசிவைத்துக்கொள்வார்கள் என்று வேதாவே சொன்னாள். ஏலத்தை எத்தனை சாமர்த்தியமாக மாற்றினாலும், புதிதாக ஒரே ஒரு ஆள் வாங்க வருவதற்கு ஈடாகாது என்று அவள் படித்த புத்தகத்தில் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்களாம். ஆனால் அந்த ஆளை எங்கே போய்ப் பிடிப்பது என்று புத்தகத்தில் இல்லை.

நான் போனேன். விடுப்பு நாட்களில் வந்தவாசிப் பக்கம், செய்யாறு பக்கம் என்று பஸ் பிடித்து எண்ணெய் ஆட்டுகிறவர்களிடமெல்லாம் பேசினேன். ஒரு செக்கு முதலாளி உண்மையைச் சொன்னார். முன்பு ஒருமுறை எங்கள் கூடத்துக்கு வந்திருக்கிறார். ஐவரும் சேர்ந்து விலையை ஏற்றிவிட்டு வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறார்கள். வண்டி வாடகை தண்டம். சரக்கு எப்படி இருக்கிறது என்று தெரியாமல் இனி வரமாட்டேன் என்றார். அதற்கு நான் ஒரு வழி செய்தேன். ஏலத்துக்கு முந்தின நாளே வந்து இறங்கும் குவியல்களிலிருந்து ஒவ்வொரு பிடி எடுத்து, பொட்டலம் கட்டி, தரத்தை என் கையால் எழுதி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினேன். பொட்டலத்தைப் பார்த்து வந்தார். மூடிய சீட்டில் எழுதினார். என்ன விலை போட்டார் என்று யாருக்கும் தெரியாமலே இரண்டு குவியல் எடுத்துக்கொண்டு போனார். பிறகு அவருக்குத் தெரிந்த இன்னொருவர் வந்தார். ஐவர் ஏழு பேரானதும் லோகநாதனின் கட்டு குலைந்தது. சம்பந்தம்தான் முதலில் பிரிந்தார்.

காயைப் பார்த்துத் தரம் சொல்கிற என் கை அங்கே பயன்பட்டது. அது என் வேலை. அதை யாரும் டிரெய்னிங்கில் சொல்லுவதில்லை.

விலை ஏறிய அந்தப் பருவத்தில் புள்ளலூருக்குப் போய்ச் செல்லம்மாவைக் கூப்பிட்டேன். தண்ணீர் கொடுத்தாள், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். கடலையைப் பற்றி நான் பேச்செடுத்ததும், "நான் வரல எஸ்தரு. மனசு வரல" என்றாள். அதற்குமேல் கேட்க எனக்கு வாயில்லை. கடைசிவரை ஊர் வியாபாரிக்கே போட்டாள்.

வேதா தலைமை அலுவலகத்துக்குப் போனாள். மாநிலம் முழுக்க எங்கெங்கே எந்தமாதிரி ஏலம் என்று வகுத்துக் கொடுக்கிற இடம். நான் மேஜையிலேயே இருந்து, சாருக்கு அப்புறம் அவருடைய நாற்காலிக்கு வந்து, அங்கேயே ஓய்வு பெற்றேன். சார் தன் கடைசி நாளில் அந்த மடித்த தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். 

முந்தாநாள் அந்தப் பெண்கள் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்கள். வேதவல்லி மேடம் ஓய்வுக்குப் பிறகும் வகுப்பெடுக்க வருகிறாராம். ஒவ்வொரு வகுப்பிலும், சீட்டுக் கசிவைக் கண்டுபிடித்தவர் எஸ்தர் என்று என் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறாராம்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் அவளுக்குப் போன் செய்தேன். ஆறு வாரத்தையும் சொன்னேன். ஏன் என்று கேட்டாள்.

"உம்மேல பொறாமை" என்றேன்.

"எம்மேலயா?" என்றாள். நிஜமாகவே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. இத்தனை வருஷம் நான் எரிந்துகொண்டிருந்தது அவள் பக்கம் சூடாகக்கூடப் படவில்லை. அப்புறம், "செல்லம்மான்னு ஒரு அம்மா வந்துக்கினு இருந்தாங்களே, அந்த வாரத்துலயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.  பிறகு, கசிவு அந்த ஆறு வாரமும் யார் கண்ணிலும் படவில்லை என்று வகுப்பில் சொல்லிவருவதாகவும், அது தப்பு என்றால் திருத்த வேண்டும் என்றும் சொன்னாள். "திங்கக்கெயமை கிளாஸ் கீது. உள்ளதைச் சொல்லிடட்டா?"

"சொல்லு" என்றேன்.

போனை வைத்த பிறகு அவள் குரலில் கோபம் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. அதையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இன்று சனிக்கிழமை. மலருக்கு அவசரமில்லை, அடுத்த மாதம் கொடுத்தால் போதும் என்றுதான் அந்தப் பெண்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் காலையிலிருந்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளைக்கே அந்தப் பெண்கள் கையில் இதைச் சேர்த்து, திங்கட்கிழமை அவள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். என் தப்பைச் சொல்வதிலாவது அவளை முந்திவிடப் பார்க்கிறேன்.